குரல் போன லேப்டாப்: இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி எந்தக் காப்பி பேசுதுன்னு பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ஓப்பன் சோர்ஸ்னா யார் வேணும்னாலும் மாத்தலாம்னு சொல்றீங்க. சரி, மாத்திட்டோம். அதுக்கப்புறம்?" அந்த 'அதுக்கப்புறம்'தான் இன்னைக்கு. டியூட்டோரியல் மாதிரி சொல்லப்போறதில்ல. நான் ஒருத்தரோட லேப்டாப்பைக் கெடுத்த கதையா சொல்றேன். எனக்கு இது புரிஞ்சதே அப்படித்தான்.

எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் இருக்கார். பேர் வேண்டாம். இருபத்தஞ்சு வயசுல பார்வை போயிடுச்சு. அதுக்கு முன்னாடி வெறித்தனமான சினிமா ரசிகர். இப்பவும் அதே வெறிதான். பழைய தமிழ்ப் படங்களைப் பத்தி எழுதுறார். அவர்கிட்ட ஒரு லினக்ஸ் லேப்டாப், அதுல ஓர்கான்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர். திரையில என்ன எழுதியிருக்குன்னு ஓர்கா எடுத்துக் கொடுக்கும். ஆனா ஓர்காவுக்கு வாய் கிடையாது. எழுத்தைக் குரலாக்குறது இன்னொரு மென்பொருள். அதோட பேர் ஈஸ்பீக் என்ஜி.

இதைப் பத்தி ரெண்டு வரி சொல்லியாகணும். ஜோனதன் டடிங்டன்னு ஒருத்தர் 1995ல ஏகார்ன் கம்ப்யூட்டர்களுக்காக எழுத ஆரம்பிச்சது இது. 2015 கடைசியில ரீஸ் டன் அதுல இருந்து ஒரு கிளையைப் பிரிச்சு, அதுதான் இப்ப என்ஜி. விண்டோஸ்ல நிறைய பேர் பயன்படுத்துற என்விடிஏ ஸ்க்ரீன் ரீடருக்குள்ளயும் இதே குரல்தான் கூடவே வருது. மனுஷக் குரலைப் பதிவு பண்ணி ஒட்டுற வேலை இல்ல. ஒலி எப்படி இருக்கணும்னு கணக்குப் போட்டு உருவாக்குறது. அதனால கேக்க ரோபோ மாதிரி இருக்கும். நமக்கு அஞ்சு நிமிஷத்துல தலைவலி வந்துடும். ஆனா இடம் ரொம்பக் கம்மியா பிடிக்கும், எவ்வளவு வேகமா ஓட்டினாலும் வார்த்தை குழையாது. அண்ணன் அதை ஓட்டுற வேகத்துல எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவர் டீ குடிச்சுக்கிட்டே ஒரு முழுக் கட்டுரையைக் கேட்டு முடிச்சிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. பாலு மகேந்திரா.

தமிழ்ல 'ப' ஒரே எழுத்து. பால்ல வர்ற 'ப' வேற, பஸ்ல வர்ற 'ப' வேற. காந்தத்துல வர்ற 'கா' வேற, காந்தியில வர்ற 'கா' வேற. நாம கண்ணால பார்த்ததும் பழக்கத்துல சரியாப் படிச்சிடுறோம். மெஷினுக்கு அந்தப் பழக்கம் ஏது? சொல்லோட ஆரம்பத்துல 'ப' வந்தா பால் 'ப'. அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச இலக்கணம். (தொல்காப்பியம் படிச்சவங்க அது சரிதானேன்னு சொல்லுவாங்க. சரிதான். ஆனா நாம பஸ்ல போறோமே!) அதனால அண்ணன் லேப்டாப்புல பாலு மகேந்திரா எப்பவும் பால் 'ப'வோடதான் வருவார். "மூன்றாம் பிறை எடுத்த மனுஷனைப் போய் பால்காரர் மாதிரி கூப்பிடுதுடா இது"ன்னு ஒரு நாள் சலிச்சுக்கிட்டார். நான் உடனே, "அண்ணே, ஓப்பன் சோர்ஸ்தானே, மாத்திடலாம்"னு சொன்னேன். சொல்றது ஈஸி.

ஈஸ்பீக்கோட சோர்ஸை எடுத்தா, தமிழுக்குன்னு முக்கியமா ரெண்டு ஃபைல் இருக்கும். ஒண்ணு விதிகள். எந்த எழுத்துக்கு முன்னாடி பின்னாடி என்ன வந்தா எப்படி ஒலிக்கணும்னு இருக்கும். இன்னொண்ணு விதிவிலக்குப் பட்டியல். குறிப்பிட்ட சொல்லை இப்படித்தான் சொல்லணும்னு நேரடியா எழுதுறது. நான் முதல்ல பட்டியல்ல கை வெச்சேன். 'பாலு'ன்னு ஒரு வரி, பஸ் 'ப'வோட ஒலிக்குறி. சேவ் பண்ணேன். பில்ட் பண்ணேன். எரர் எதுவும் இல்ல. டெர்மினல்ல ஈஸ்பீக்கைக் கூப்பிட்டு 'பாலு'ன்னு அடிச்சேன்.

பால் 'ப'.

ஒலிக்குறியை மாத்தினேன். திரும்ப பில்ட். பால் 'ப'. ஸ்பெல்லிங் தப்போன்னு யூனிகோடைத் தோண்டினேன். பால் 'ப'. ஒரு மணி நேரம் போச்சு. அப்புறம்தான் மண்டையில தட்டுச்சு. நான் பில்ட் பண்ணது என் ஹோம் ஃபோல்டருக்குள்ள. டெர்மினல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டா வர்றது சிஸ்டத்துல ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருந்த பழைய ஈஸ்பீக். புது மாவை அரைச்சு ஓரமா வெச்சுட்டு, ஃப்ரிட்ஜ்ல இருந்த பழைய மாவுல தோசை ஊத்தி, ஏன் இன்னும் புளிக்குதுன்னு ஒரு மணி நேரம் யோசிச்சிருக்கேன்.

இங்கதான் கொஞ்சம் நின்னு பார்க்கணும். ஒரு மென்பொருள்னு நாம பொதுவா சொல்றது பெரும்பாலும் ஒரே பொருள் இல்ல. ஈஸ்பீக்கை எடுத்துக்கிட்டா குறைஞ்சது மூணு துண்டு. முதல்ல, நீங்க கூப்பிடுற அந்தச் சின்ன புரோகிராம். அடுத்தது, உண்மையான வேலையைச் செய்யுற லைப்ரரி. மூணாவது டேட்டா ஃபோல்டர், அதாவது ஒலிகளும் ஒவ்வொரு மொழியோட அகராதியும் இருக்கிற இடம். இந்த மூணையும் லினக்ஸ் தனித்தனியாத் தேடிக் கண்டுபிடிக்குது. புரோகிராமை ஒரு வழியில தேடும். லைப்ரரியை வேறொரு வழியில தேடும். டேட்டாவை அந்த லைப்ரரியே தனக்குத் தெரிஞ்ச இடத்துல போய்த் தேடும். அதனால நீங்க முழுப் பாதையைக் கொடுத்து உங்க புது புரோகிராமை ஓட்டினாலும், அது சிஸ்டத்தோட பழைய லைப்ரரியை எடுத்துக்கிட்டு, பழைய அகராதியைப் படிச்சுட்டு, பழைய குரல்ல பேசலாம். எரர் வராது. எதுவுமே உடையல, அப்புறம் எதுக்கு எரர் வரணும்?

இதுக்கு மருந்து அந்த ப்ராஜெக்டோட பில்ட் கைடுலயே இருக்கு. நான்தான் படிக்கல. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு என்விரான்மென்ட் வேரியபிள் வைக்கச் சொல்றாங்க. ஒண்ணு டேட்டாவுக்கு, இன்னொண்ணு லைப்ரரிக்கு. "இந்த ஒரு தடவைக்கு மட்டும் இங்க வந்து தேடு"ன்னு ரெண்டு பேருக்கும் வழி காட்டுற மாதிரி. அந்தக் கமாண்ட் முடிஞ்சதும் எல்லாம் பழையபடி. சிஸ்டத்துல ஒரு தூசி நகராது, சூடோ பாஸ்வேர்டும் தேவையில்ல. அப்புறம், வெர்ஷன் என்னன்னு ஈஸ்பீக்கைக் கேட்டா, டேட்டாவை எங்க இருந்து எடுக்குதுன்னும் சேர்த்தே சொல்லும். அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தா என் ஒரு மணி நேரம் மிச்சம்.

அன்னைக்கு நான் கத்துக்கிட்ட இன்னொரு வித்தை இருக்கு. இது எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். உங்க உண்மையான மாற்றத்தைச் சோதிக்கிறதுக்கு முன்னாடி, வேணும்னே கண்றாவியா ஒரு மாற்றம் பண்ணுங்க. நான் 'வணக்கம்'ங்கிற சொல்லுக்கு 'பூசணி'யோட ஒலியைக் கொடுத்தேன். ஓடவிட்டு 'வணக்கம்'னு அடிச்சா 'பூசணி'ன்னு சொல்லுச்சு. அப்ப பேசுறது என் காப்பிதான். 'வணக்கம்'னே சொல்லியிருந்தா, அதுக்கு மேல நான் பண்ற எந்த டெஸ்டுக்கும் அர்த்தம் இல்ல. (பூசணியை மறக்காம எடுத்துடுங்க. ஒரு தடவை மறந்துட்டேன். அதை இங்க சொல்ல வேண்டாம்.)

சரி, இப்ப 'பாலு' பஸ் 'ப'வோட வருது. ஆனா அண்ணன் எழுதுறது 'பாலுவின் கேமரா', 'பாலுவுக்குப் பிடித்த வெளிச்சம்'. பட்டியல்ல இருக்கிறது தனிச் சொல், அதனால வேற்றுமை உருபு ஒட்டினதும் திரும்ப பால் 'ப'. அப்ப விதிதான் எழுதணும். 'பாலு'ன்னு ஆரம்பிச்சா பஸ் 'ப'ன்னு ஒரு விதி போட்டேன். பாலுவின், பாலுவுக்கு, பாலுவை எல்லாம் சரியா வந்துச்சு. சந்தோஷத்துல லேப்டாப்பை மூடப் போனேன்.

மூடியிருந்தா 'பாலுக்குச் சர்க்கரை' பஸ் 'ப'வுக்குப் போயிருக்கும். 'பாலும் பழமும்' போயிருக்கும், அது ஒரு படத்தோட பேர் வேற. பாலுணர்வும் போயிருக்கும். நம்ம மொழியில பாலுக்கும் பாலுவுக்கும் நடுவுல ஒரு 'வு'தான் வேலி. நல்ல வேளையா அன்னைக்கு ஒரு காரியம் பண்ணேன். ஈஸ்பீக்கை வாயை மூடிக்கிட்டு, சொல்ல நினைச்சதை எழுத்துல மட்டும் காட்டச் சொல்லலாம். எந்தச் சொல்லுக்கு என்ன ஒலின்னு குறிகளா அச்சடிக்கும். 'ப'வுல ஆரம்பிக்கிற ஒரு நூத்தம்பது சொல்லை ஒரு ஃபைல்ல போட்டு, பழைய காப்பிகிட்ட ஒரு தடவை, புதுக் காப்பிகிட்ட ஒரு தடவை எழுதி வாங்கி, ரெண்டையும் டிஃப் போட்டேன். மாறணும்னு நான் எதிர்பார்த்தது ஆறு வரி. மாறியிருந்தது பதினொண்ணு. அந்த அஞ்சுலதான் பாலும் பழமும் இருந்துச்சு.

விதியை 'பாலுவ'ன்னு தொடங்குற சொல்லுக்கு மட்டும்னு நீட்டினேன். உகரமோ இகரமோ எது ஒட்டினாலும் யூனிகோடுல 'வ' முதல்ல வந்துடும், அதனால பாலுவுக்கு, பாலுவின், பாலுவை எல்லாமே மாட்டும். தனியா நிக்கிற 'பாலு' பட்டியல்ல பத்திரமா இருக்கு. டிஃப்ல சரியா ஆறு வரி. மாத்தினது சரியா வருதான்னு எல்லாரும் பார்ப்போம். மாத்தாதது அப்படியே இருக்கான்னு பார்க்கிறதுக்குத்தான் சோம்பேறித்தனம்.

இவ்வளவும் ஒழுங்காப் பண்ணேன். அப்புறம்தான் கெடுத்தேன்.

இதெல்லாம் நடந்தது என் லேப்டாப்புல. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பென் டிரைவோட அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான் மாத்தினது தமிழ் அகராதி, ஒரே ஒரு ஃபைல். ஆனா "எல்லாமே இருக்கட்டுமே"ன்னு என் டேட்டா ஃபோல்டர் முழுசையும் அவரோட சிஸ்டம் ஃபோல்டர் மேல காப்பி அடிச்சேன். பாஸ்வேர்ட் கேட்டுச்சு. எதுக்குன்னுகூடக் கேக்காம அண்ணன் அடிச்சுக் கொடுத்தார். ஓர்கா அது பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்துச்சு. "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் புதுசு வரும்ணே, ராத்திரி கேட்டுட்டுச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு மெட்ரோ பிடிக்க ஓடிட்டேன்.

ஒன்பது மணிக்கு போன். "ஒண்ணுமே பேச மாட்டேங்குதுடா."

என்ன ஆச்சுன்னா, நான் பில்ட் பண்ணது ப்ராஜெக்டோட அன்னைய தேதிக் கோடு. அவர்கிட்ட இருந்தது டிஸ்ட்ரிபியூஷனோட வந்த பழைய லைப்ரரி. ஈஸ்பீக் லைப்ரரி ஆரம்பிக்கும்போதே டேட்டாவோட வெர்ஷன் எண்ணைப் பார்க்கும். தனக்கு ஒத்து வரலைன்னா ஏத்துக்காது. அந்த ஒலி டேட்டா எல்லா மொழிக்கும் பொது. அதனால தமிழ் மட்டும் இல்ல, இங்கிலீஷும் போச்சு. நான் இருந்தவரைக்கும் பேசினதுக்குக் காரணம், பழைய டேட்டா ஏற்கெனவே மெமரியில ஏறியிருந்துச்சு. மூடித் திறந்ததும் புதுசைத் தேடிப் போய் நின்னுடுச்சு.

என் லேப்டாப்புல நான் சோதிச்சது புது லைப்ரரியும் புது டேட்டாவும். அவர் லேப்டாப்புல நான் வெச்சது பழைய லைப்ரரியும் புது டேட்டாவும். அந்த ஜோடியை நான் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கல. பார்த்திருக்க முடியாதான்னா, ரொம்ப சுலபம். அதே வேரியபிள்தான். அவரோட பழைய புரோகிராமையே, பென் டிரைவ்ல இருக்கிற என் டேட்டாவைக் காட்டி ஒரு வரி ஓடவிட்டிருந்தா, எரர் அங்கேயே வந்திருக்கும். காப்பி பண்றதுக்கு முன்னாடி, பாஸ்வேர்ட் கேக்கிறதுக்கு முன்னாடி.

அன்னைக்கு ராத்திரி அவர் ஒரு கட்டுரை அனுப்பியாகணும். எரர் என்னன்னு கேட்டா அவரால சொல்ல முடியாது, ஏன்னா எரரைப் படிச்சுக் காட்ட வேண்டிய குரல்தான் செத்துப்போச்சு. கடைசியில பக்கத்து வீட்டுல ஒன்பதாவது படிக்கிற பொண்ணு வந்து உக்காந்தா. போன் ஸ்பீக்கர்ல. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்ல, அவ டைப் பண்ணா. "அண்ணா, ஹைஃபன் ரெண்டா ஒண்ணா?" "ரெண்டும்மா." "ஸ்பேஸ் விடணுமா?" டேட்டா பேக்கேஜைத் திரும்ப இன்ஸ்டால் பண்ற ஒரே ஒரு கமாண்ட். அதுக்கு இருபது நிமிஷம். லாக் அவுட், லாக் இன். போன்ல அந்த ரோபோக் குரல் "ஸ்க்ரீன் ரீடர் ஆன்"னு சொன்னதைக் கேட்டப்ப, எனக்கு அதைவிட நல்ல குரல் உலகத்துல இல்ல.

அண்ணன் கோவப்படல. மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உன் ஸ்கிரீன்ல யாராவது கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டு, 'எரர் எல்லாம் ஸ்கிரீன்லயே இருக்கு, பார்த்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனா எப்படி இருக்கும்?"

என் தப்பாவது ஒரே ராத்திரியில கத்திக் காட்டிக் கொடுத்துடுச்சு. கத்தாத தப்பும் உண்டு. 2006 செப்டம்பர்ல டெபியன்காரங்க ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஒரு உள்ளூர் மாற்றம் பண்ணாங்க. வால்கிரைண்ட்ங்கிற சோதனைக் கருவி ஒரு எச்சரிக்கை கொடுத்துச்சுன்னு, அதுக்குக் காரணமான வரிகளை எடுத்தாங்க. ரகசியச் சாவிகளுக்கான ரேண்டம் எண்ணுக்குள்ள கலக்க வேண்டிய சரக்கெல்லாம் அந்த வரிகள் வழியாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அது போனதும் மிச்சம் இருந்தது அந்த ப்ராசஸோட எண் மட்டும். அதுக்கு அதிகபட்சம் 32,768 வாய்ப்பு. ஆனா வெளியில இருந்து பார்த்தா எல்லாம் ஓடுச்சு. சாவி உருவாச்சு, லாகின் ஆச்சு. லூசியானோ பெல்லோங்கிற டெபியன் டெவலப்பர் கண்டுபிடிச்சு, அறிவிப்பு வந்தது 2008 மே 13. கிட்டத்தட்ட இருபது மாசம். அவங்க கேட்ட கேள்வி எச்சரிக்கை போச்சான்னு. ஆமா, போச்சு. நூறு சாவி உருவாக்கினா நூறும் வேற வேறயா இருக்கான்னு பார்த்தாக்கூட அது மாட்டியிருக்காது. லட்சம் சாவி உருவாக்கிப் பார்த்திருக்கணும். எதைச் சோதிக்கிறோம்ங்கிறது அவ்வளவு நுணுக்கமா ஏமாத்தும்.

இப்ப நானும் அண்ணனும் எப்படிப் பண்றோம்னு சொல்லிடுறேன். அவர் லேப்டாப்புல எந்த வெர்ஷன் பேக்கேஜ் இருக்கோ, அதே வெர்ஷனோட சோர்ஸை அவரோட டிஸ்ட்ரிபியூஷன்ல இருந்தே இறக்கி, அதுலதான் கை வைக்கிறேன். புதுக் கோடு எவ்வளவு ஆசை காட்டினாலும் தொடுறதில்ல. டிஃப் சரியா வந்ததும், பேசினதை ஆடியோ ஃபைலா எழுதி வாட்ஸப்புல அனுப்புறேன். அதுவும் அவர் கேக்கிற வேகத்துல. ஈஸ்பீக் சாதாரணமா நிமிஷத்துக்கு 175 சொல் பேசும். அண்ணன் 380ல வெச்சிருக்கார். என் காதுக்கு 175ல நல்லா இருந்த ஒரு ஒலி, அவர் வேகத்துல பக்கத்து எழுத்தோட ஒட்டிக்கிட்டது ஒரு தடவை தெரிஞ்சுது. அந்த டெஸ்டை நான் பண்ண முடியாது, அவர்தான் பண்ணணும். அவர் சரின்னு சொன்னாத்தான் நேர்ல போவேன். வெச்சதும் லாக் அவுட் பண்ணி, திரும்ப உள்ள வந்து, குரல் கேட்டதுக்கு அப்புறம்தான் செருப்பை மாட்டுவேன். வேற ஒரு பேச்சு மென்பொருளையும் தனியா போட்டு வெச்சிருக்கோம், இது படுத்தா அது எழுந்துக்கும். பாலு மகேந்திரா விதியை மூல ப்ராஜெக்டுக்கு அனுப்பி வைக்கிற வேலை இன்னும் பாக்கி. அதுக்கு நூத்தம்பது சொல் பத்தாது. பெரிய பட்டியலா தயார் பண்ணிக்கிட்டு இருக்கேன்.

நேத்து அண்ணன்கிட்ட இருந்து ஒரு மெசேஜ். "கமல் சரி. கங்கை அமரன் தப்பு. அவசரம் இல்ல, பென் டிரைவ் வேண்டாம். முதல்ல ஆடியோ அனுப்பு."